தூங்குமூஞ்சி

“ஐயையோ, அதுல ஊத்தாதீங்க!”

டீ குடித்த டம்ளரைக் கழுவி, அந்தத் தண்ணீரை மூலையில் இருந்த மண்தொட்டியில் கவிழ்க்கப் போன மனிதர் கையை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டார். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்ததிலிருந்து வாயே திறக்காதவள், கண்ணிலிருந்து ஒரு சொட்டு விடாதவள், இப்போது மூச்சிரைக்க ஓடிவந்து ஒரு வெறும் தொட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வெறும் மண்ணுதானேம்மா,” என்றார் அவர். அவள் கணவரோடு லிஃப்ட் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தவர். “செடி ஒண்ணும் காணோமே.”

“இருக்கட்டும். ஊத்தாதீங்க.”

நாத்தனார் பின்னாலேயே ஏறி வந்து அவள் தோளைப் பிடித்தாள். “அண்ணி, கீழ வாங்க. அண்ணன் தனியா இருக்கான்.” பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்து, “அழ மாட்டேங்கிறாங்க. அதான் இப்படி,” என்றாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். யாரோ ஒருவர் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “செடியும் அவரோடயே போயிடுச்சு பாருங்க,” என்று பெருமூச்சு விட்டார்.

சத்தம் கேட்டு மகனும் மேலே வந்துவிட்டான். வேறு ஊரில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகிறவன். முகம் சவரம் செய்யாமல், சட்டை கசங்கி, அப்பாவை உரித்து வைத்த மாதிரி இருந்தான். அவள் தொட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“இது அப்பாவோடது. யாரும் கை வைக்கக் கூடாது. நீ பாத்துக்க.”

“செடி செத்துடுச்சாம்மா?”

அப்போதே சொல்லியிருக்கலாம். உள்ளே கிழங்கு இருக்கிறதுடா, உயிரோடுதான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை. ஆனால் இத்தனை பேர் முன்னால், கீழே பெட்டியில் புருஷனை வைத்துக்கொண்டு, ஒரு கிழங்குக்காகத்தான் கத்தினேன் என்று எந்த வாயால் சொல்வது? அவள் படியிறங்கினாள்.

அது ஆர்க்கிட். ஆர்க்கிட் என்றால் மரத்தைத் தொற்றிக்கொண்டு தொங்குவது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். இது தரையில் வளர்கிற ரகம். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு மலைச் சரிவில் மட்டும் முளைப்பது; அந்தச் சரிவையும் சுரங்கத்துக்காக வெட்டிவிட்டார்கள் என்று கேள்வி. கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்த சிநேகிதர் ஒருவர் வேலையை விட்டு வந்தபோது, பழைய காலுறைக்குள் அந்த மலை மண்ணோடு கிழங்கைச் சேர்த்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மண்ணில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை நூல் நூலாக ஓடுகிறதாம். அதுதான் கிழங்குக்குச் சோறு ஊட்டுகிறதாம். அது இல்லாமல் வேறு மண்ணில் வைத்தால் பட்டினி கிடந்து செத்துப்போகுமாம். இதையெல்லாம் அவள் கணவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்லுவார்.

“அதுக்கு ஊட்ட ஆளிருக்கு. எனக்கு யாரு ஊட்டறா?” என்பாள் அவள்.

“உனக்கென்ன, கை இருக்குல்ல,” என்பார்.

வருஷத்தில் பாதி நாள் அகலமான இலைகளை விட்டுக்கொண்டு ஜம்மென்று நிற்கும். மீதி நாள் இலையெல்லாம் காய்ந்து, மண்ணுக்குள் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். படுத்திருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. பட்டால் கிழங்கு அழுகிவிடும். அவர் அதற்குத் தூங்குமூஞ்சி என்று பேர் வைத்திருந்தார். வானம் கறுத்தால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து மாடிக்கு ஓடுவார். தொட்டியைக் கூரைக்கடியில் இழுக்கிற சத்தம், கர்ரென்று சிமெண்டில் உரசுகிற சத்தம், சமையலறை வரைக்கும் கேட்கும்.

நாத்தனார் அதற்கு வைத்த பேர் வேறு. “அண்ணன் எங்க அண்ணி? சின்ன வீட்டுலயா?” என்று வரும்போதெல்லாம் கேட்பாள். வீடே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சிரித்துச் சிரித்தே அவளுக்கு வயிறு எரிந்துபோயிருந்தது.

இத்தனை வருஷத்தில் அது ஒரு தடவைகூடப் பூத்ததில்லை. போன வருஷம் தொட்டி மாற்றும்போது கிழங்கை உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். ஒரு கைப்பிடி அளவு இருந்தது. “பாரு, எப்படிக் கொழுத்துப்போச்சு. அடுத்த வாட்டி கண்டிப்பா பூத்துடும்,” என்றார். அப்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. மகனுக்கு வேலை கிடைத்த அன்றைக்கும் பார்த்ததில்லை.

போகட்டும் என்று அதையும் விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் நடந்ததைத்தான் விட முடியவில்லை.

நுரையீரல் முழுக்கச் சளி கட்டி, மூக்கில் குழாயோடு கிடந்தவர், முந்தாநாள் விரலை அசைத்து அவளைக் கூப்பிட்டார். அவள் காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். என்ன சொல்லுவார்? பெரிதாக ஒன்றும் வேண்டாம். உன்னை ரொம்பப் படுத்திட்டேன் என்று சொல்லலாம். சாப்பிட்டியா என்று கேட்கலாம். வெறுமனே பேரைச் சொல்லியாவது கூப்பிடலாம்.

“தண்ணி ஊத்திடாத,” என்றார்.

அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

அடப்பாவி மனுஷா என்று அவள் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். முப்பது வருஷம் உனக்கு ஆக்கிப் போட்டு, துவைத்துப் போட்டு, மருந்துக்கடையில் கால் கடுக்க நின்று சம்பாதித்துக் கொட்டினவளுக்கு நீ சொல்லிவிட்டுப் போக வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா?

“என்ன சொன்னான்? அண்ணன் என்ன சொன்னான்?” என்று நாத்தனார் அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். மகன் அப்போதுதான் ஊரிலிருந்து வந்து, தோளில் பையோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாத விருந்தாளி மாதிரி நின்றான். சின்ன வயசிலிருந்து அப்பாவின் அறைக் கதவில் அவன் அப்படித்தான் நிற்பான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வாயில் தானாக வந்தது.

“உன்னைத்தான்டா கேட்டார். புள்ளை சாப்பிட்டானான்னு கேட்டார்.”

“அப்பாவா? நிஜமாவா?”

“நிஜமாதான்.”

அவன் பையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

இப்போது, பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும்போது, அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சனியன் பிடித்த செடி பிழைக்க வேண்டும். பிழைத்துப் பூக்க வேண்டும். சாகிற நேரத்திலும் இந்த மனுஷன் எதை நினைத்துக்கொண்டு போனாரோ, அதன் மூஞ்சியை அவள் ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். பார்த்துவிட்டு, இதுக்குத்தானா என்று கேட்க வேண்டும். மற்ற துக்கமெல்லாம் அதற்குப் பிறகு.

வீடு நிறைய ஆட்கள் இருந்தும் அவர் போய்விட்ட மாதிரியே இல்லை. கதவுக்குப் பின்னால் தொங்கிய துண்டில் கிரீஸ் வாடை அப்படியே இருந்தது. மாடிப்படியில் யாரோ ஏறுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம், நாலாவது படியில் ஒரு கணம் நின்று இருமுகிறாரா என்று அவள் காது தானாகக் காத்திருந்தது. யாரும் இருமவில்லை. ஆனாலும் காது காத்திருப்பதை நிறுத்தவில்லை.

மத்தியானத்துக்கு முன்னால் பெட்டியைத் தூக்கினார்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நாலு மாடியும் படிதான். கம்பெனி ஆட்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். லிஃப்ட் மோட்டார்களையும் எடைக்கற்களையும் குறுகலான இடங்களில் திருப்பிப் பழகியவர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும், “தலைப்பக்கம் தூக்கு, கால்பக்கம் தாழ்த்து, சுவத்துல இடிக்காத,” என்று ஒருவர் சொல்லச் சொல்ல, பெட்டி ஒரு கீறல் இல்லாமல் இறங்கியது.

“ஊரையே ஏத்தி இறக்கினவன். கடைசில படியில இறங்கறான் பாரு,” என்றார் டம்ளர்காரர். சொல்லிவிட்டு அவரே அழுதுவிட்டார்.

கல்லறைத் தோட்டம் நடந்து போகிற தூரம்தான். குழி தயாராக இருந்தது. பெட்டியை இறக்கி, மண்ணைத் தள்ளி, மேடு கட்டி, மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டிச் சமப்படுத்தினார்கள். எல்லாம் முடிந்துவிட்டது, கிளம்பலாம் என்று ஆட்கள் அசைந்தபோது மகன், “ஒரு நிமிஷம்,” என்றான்.

அவன் கையில் ஒரு பை இருந்தது. அவள் வேலை பார்க்கிற மருந்துக்கடையின் பை. கனமாக, அடிப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

“அம்மா,” என்றான். “இது அப்பா கை பட்ட மண்ணு. நீ காலையில அப்படிக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நின்னியே. எனக்கு மனசே கேக்கல. இது அவரோடயே இருக்கட்டும்மா.”

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் பையைத் தலைமாட்டில் கவிழ்த்துவிட்டான்.

காலுறையில் வந்த மண்ணோடு கரித்துண்டும், செங்கல் பொடியும், பருமணலும் கலந்தது. அவருடைய கலவை. எங்கே பார்த்தாலும் அவளுக்கு அடையாளம் தெரியும். கடைசியாகப் பையின் மூலையிலிருந்து மண் அப்பிய கட்டி ஒன்று உருண்டு விழுந்தது. மண்கட்டி என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அவளுக்குத் தெரியும், அது கிழங்கு.

டேய், நிறுத்துடா என்று சொல்ல நாக்கு எழுந்துவிட்டது. அதற்குள் மகன் மண்டியிட்டு உட்கார்ந்தான். கொட்டிய மண்ணை இரண்டு உள்ளங்கையாலும் பரப்பினான். கட்டியை மூடினான். மேலே மெதுவாகத் தட்டிக்கொடுத்தான், குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி. தோள் குலுங்கியது.

“நான் சாப்பிட்டேன்பா,” என்றான் மண்ணைப் பார்த்து. “சாப்பிட்டேன்பா. நான் நல்லா இருக்கேன்.”

அவள் எழுந்த நாக்கை மடக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். அது செடிடா என்று சொன்னால், செடியைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று அவன் கேட்பான். அதற்குப் பதில் சொன்னால் அவர் கடைசியாக என்ன சொன்னார் என்பதைச் சொல்ல வேண்டிவரும். அப்பன் தன்னைக் கேட்டார் என்று முதல் தடவையாக நம்பி அழுகிறவனிடம் போய் அதைச் சொல்ல அவளால் முடியாது. கிழங்கு மண்ணுக்குள்தானே இருக்கிறது, ஓடியா போய்விடும், ஆளெல்லாம் போன பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். மழை இல்லாத காலம். ஒன்றும் ஆகாது.

வீட்டுக்கு வந்தார்கள். யாரோ கொண்டுவந்த சாப்பாட்டை எல்லோரும் சாப்பிட்டார்கள். மகன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பிறகு அப்பாவின் கட்டிலில் குப்புறப் படுத்துத் தூங்கிப்போனான். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக விடைபெற, வீடு காலியாகிக்கொண்டே வந்தது. அவள் நடு அறையில், பெட்டி இருந்த இடத்தை விட்டுத் தள்ளி, தரையில் படுத்தாள். கண்ணை மூடினாள்.

கர்ரென்று சத்தம் கேட்டது.

மாடியில் தொட்டியை இழுக்கிற சத்தம். கொஞ்சம் இழுத்து, மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடி இழுக்கிற சத்தம். அவர் அப்படித்தான் இழுப்பார்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். சமையலறையில் நாத்தனார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மகன் தூக்கத்தில் புரண்டான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

“மேல யாரு?” என்று கேட்டாள்.

“மேல யாரும் இல்லியே அண்ணி. நாற்காலியெல்லாம் அப்பவே இறக்கிட்டோம்.”

அவள் படியேறினாள். மொட்டை மாடியில் ஒரு ஆளும் இல்லை. தொட்டி சுவர் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது. யாரோ நன்றாகத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார்கள். நாத்தனாராகத்தான் இருக்கும், அழுக்குப் பாத்திரத்தைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. தொட்டி காலையில் இருந்த மூலையில்தான் இருந்ததா, இழுபட்டு வந்திருக்கிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். மேற்கே வானம் கன்னங்கரேலென்று திரண்டு நின்றது.

இந்த மாசத்தில் மழையா? ஐயோ, இந்த மாசத்தில் யார் மழையைக் கேட்டது?

தடதடவென்று இறங்கி, கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த குடையை எடுத்தாள்.

“எங்க அண்ணி கிளம்பிட்டீங்க?”

“கடைக்கு. தலைவலி மாத்திரை வாங்கணும்.”

“வீட்டுலதான் டப்பா டப்பாவா வச்சிருக்கீங்களே!”

செருப்பை மாட்டினாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை. தெருவில் ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் ஒரு மாதிரி போனாள். எதிரே வந்த ஒருவர் துக்கம் விசாரிக்க நின்றார். அவரைத் தாண்டிப் போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்து வாசலை நெருங்கும்போது முதல் தூறல் கையில் விழுந்தது. உள்ளே நுழைவதற்குள் பெருமழையாகிவிட்டது.

மேட்டின் தலைமாட்டில் குடையை விரித்துப் பிடித்தாள். அவள் தலைக்கு இல்லை. மகன் கொட்டிய அந்தக் கரிமண்ணுக்கு. நல்ல வேளை, மேல்மண் மட்டும்தான் நனைந்திருந்தது. குத்தவைத்து உட்கார்ந்து, குடைக் காம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். முதுகு முழுக்க நனைந்து புடவை ஒட்டிக்கொண்டது.

“சந்தோஷமா?” என்றாள் மேட்டைப் பார்த்து. “இப்ப சந்தோஷமா உனக்கு? என் தலையில இடி விழுந்த அன்னிக்கும் உன் சின்ன வீட்டுக்குக் குடை பிடிக்க விட்டுட்டல்ல?” வாழ்நாளில் அவரை அவள் வாய்விட்டு ‘நீ’ என்று சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை. “எனக்குன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா உன் உசிரு போயிருக்குமா?”

உயிர்தான் போய்விட்டதே என்று அப்போதுதான் உறைத்தது. நேற்றிலிருந்து வராத அழுகை அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று வாய்விட்டு அழுதாள்.

அழுது ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வந்த வேலையைப் பார்க்கலாம் என்று மண்ணுக்குள் விரலை விட்டாள். பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். ஈரத்தில் ஒரு நாள் கிடந்தாலும் போச்சு. விரல் மெல்லத் துழாவியது. கரித்துண்டு. செங்கல். பிறகு வழவழவென்று கிழங்கின் தோள். அதைச் சுற்றி வளைத்துப் பிடிக்கப் போனபோது உச்சியில் ஏதோ விரல் நுனியில் குத்தியது.

கையை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். விரல் நுனியால் மட்டும் தொட்டுப் பார்த்தாள். கூர்மையாக, சின்னதாக, ஒரு பயறு அளவுக்கு. முளை.

மூக்கு நீட்டறது என்பார் அவர். ஒரு வருஷம் அவள் டீ கொண்டுபோனபோது, தொட்டியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னார். மூக்கு நீட்டிடுச்சுன்னா முழிச்சிக்கிச்சுன்னு அர்த்தம். அப்புறம் இடம் மாத்தக் கூடாது. மூக்கு உடைஞ்சா அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமா தண்ணி காட்டணும், நாக்கு நனையற அளவுக்கு. எடுத்த எடுப்புல நிறையக் குடுத்தா தாங்காது. அவள் அன்றைக்கு, டீ ஆறுது, முதல்ல அதக் குடிங்க என்றாள்.

ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அது தூங்குகிறது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அது எழுந்துவிட்டது அவருக்குத் தெரியாது. இந்தச் செடியைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் அவளுக்குத் தெரிந்தது இதுதான் முதல் தடவை. யாரிடம் சொல்வது என்று அவளுக்குப் புரியவில்லை.

“ஏங்க,” என்றாள் கடைசியில். “முழிச்சிக்கிச்சுங்க.”

விரலை வெளியே எடுத்தாள். தோண்டிய மண்ணை ஒரு கரித்துண்டுகூட விடாமல் பொறுக்கி, திரும்பவும் அதன் மேலேயே மூடினாள்.

கொட்டகைக்குள் ஒதுங்கி நின்ற தோட்டக்காவலர் அங்கிருந்தே கத்தினார். “அம்மா! குடைய உன் தலைக்குப் பிடிம்மா! அவருக்கு இனிமே ஜலதோஷமா பிடிக்கப் போவுது?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குடையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். கையகல மண்ணில் மழை சடசடவென்று விழுந்தது. மேலே தெரிந்த கரித்துண்டுகள் பளபளக்கும் வரை பொறுத்திருந்தாள். பிறகு குடையைத் திரும்பவும் அதன் மேல் கொண்டுவந்து பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு தடவை சாய்த்தாள்.